மூன்று மாதமாகப் பந்துதான் வரைகிறாள் என்று வந்த அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை மகளின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு நீங்கள் காட்பாடிக்கு என்னிடம் வந்தபோது வெளியில் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மீதியை எழுதிவிடுகிறேன். ராணிப்பேட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் இதே கவலையோடு பெற்றோர் வருகிறார்கள். நீங்கள் சரி என்றால் பெயரில்லாமல் அவர்களுக்கும் இதைக் கொடுப்பேன்.

நீங்கள் சொன்னது இது: "கம்ப்யூட்டர் படிப்புன்னு அனிமேஷன்ல சேர்த்தோம் சார். மூணு மாசமா பந்து வரையறா. அப்புறம் நூறு வருஷத்துக்கு முந்தின கதையெல்லாம் படிக்கிறா. அவங்கப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியில வேலை முடிஞ்சு வந்து பார்த்தா, இவ அட்டையில கிளி வரைஞ்சு நூல் கட்டிச் சுத்திட்டு இருக்கா. பேசாம பி.காம்.ல மாத்திடலாமா?"

மாற்ற வேண்டாம். காரணத்தை அந்த அட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பக்கம் கிளி, மறுபக்கம் கூண்டு. நூலை முறுக்கிவிட்டால் கிளி கூண்டுக்குள் இருப்பதுபோலத் தெரியும். 1820-களில் லண்டனில் விற்ற விளையாட்டுச் சாமான் அது. அடுத்து 1832-ல் பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோ ஒரு வட்டத் தகட்டில் படங்களை வரிசையாக வரைந்து, கண்ணாடி முன் சுழற்றி, அவை அசைவதைக் காட்டினார். சினிமா பிறப்பதற்கு அறுபது வருடம் முன்பே வரைபடம் நகர்ந்துவிட்டது. உங்கள் மகள் படிக்கும் தொழிலின் வேர் அங்கே இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. ஆசிரியர் அதைக் கையால் செய்யச் சொல்லியிருக்கிறார் என்றால் அவர் பாடம் நடத்தத் தெரிந்தவர்.

இனி பந்து. நீங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போன நோட்டுகளை அன்று சாயங்காலம் உட்கார்ந்து புரட்டினேன். பழைய கணக்கு நோட்டின் கீழ் மூலையில் பக்கத்துக்கு ஒரு பந்து. முதல் நோட்டில் விரலால் சரசரவென்று விட்டுப் பார்த்தால் பந்து குதிக்கவில்லை, பலூன் மாதிரி மிதந்து இறங்குகிறது. ஏன் தெரியுமா? ஒவ்வொரு பந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விட்டிருக்கிறாள். ஐந்தாவது நோட்டில் பாருங்கள். உச்சியில் பந்துகள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. தரையை நெருங்க நெருங்க இடைவெளி அகலமாகிறது. தரையில் பட்டதும் பந்து இட்லி மாதிரி சப்பையாகி, எழும்போது நீள்கிறது. அதே ஒரு விரல் புரட்டலில் அது ரப்பர் பந்தாகிவிட்டது. ஏழாவது நோட்டில் அதே வட்டம் எலுமிச்சம்பழமாகிறது: சின்னதாக ஒரு துள்ளு, பிறகு உருளல். கடைசி நோட்டில் இரும்புக் குண்டு: தொப்பென்று விழுந்து அசையவே இல்லை.

வட்டம் மாறவில்லை அம்மா. எடை மாறியிருக்கிறது. வெறும் வட்டத்துக்கு எடை கொடுக்கத் தெரிந்துகொள்வதுதான் அனிமேஷன். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படம். ஒரு வரைபடத்தை இரண்டு தடவை காட்டினாலும் நொடிக்கு 12 வரைய வேண்டும். இந்த 12-ஐ எங்கே நெருக்கி எங்கே தள்ளி வைப்பது என்ற புத்தி எந்த சாஃப்ட்வேரோடும் வருவதில்லை. 1930-களில் டிஸ்னி ஸ்டுடியோக்காரர்கள் இதையெல்லாம் அடித்துத் திருத்திக் கற்றுக்கொண்டார்கள். அங்கே வேலை பார்த்த ஃப்ராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-ல் அதைப் பன்னிரண்டு விதிகளாகப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். சப்பையாவதும் நீள்வதும் அந்தப் பட்டியலில் முதல் விதி.

"சரி சார், பந்து புரியுது. பழைய கதை எதுக்கு?" என்று கேட்டீர்கள். வேலைக்காகத்தான்.

1914-ல் அமெரிக்காவில் வின்சர் மெக்கே ஒரு டைனோசரை நடக்கவிட்டார். ஆயிரக்கணக்கான படங்கள். ஒவ்வொரு தாளிலும் டைனோசரை மட்டுமல்ல, பின்னாலிருக்கும் பாறையையும் ஏரியையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதற்கென்றே ஓர் உதவியாளர் இருந்தார். ஓரிரு வருடத்தில் எர்ல் ஹர்ட் என்பவர் கண்ணாடி போன்ற தாளில் பாத்திரத்தை மட்டும் வரைந்து பின்னணிமேல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பாறை வரைகிற வேலை போயிற்று. அதற்குப் பதில் பென்சில் கோட்டை அந்தத் தாளில் மையால் நகலெடுக்கும் வேலை வந்தது. டிஸ்னியில் அதற்கென்று பெண்கள் நிறைந்த தனிப் பிரிவே இருந்தது. 1961 வாக்கில் ஜெராக்ஸ் முறை வந்து அந்தக் கை வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. 1990-ல் வண்ணம் தீட்டுவதும் கம்ப்யூட்டருக்குள் போயிற்று.

இத்தனையிலும் ஒரு நாற்காலி காலியாகவில்லை. அந்த டைனோசர் எப்படி மூச்சு விடும், எப்படிக் காலைத் தூக்கும் என்று முடிவு செய்கிறவருடைய நாற்காலி.

இப்போது நம்ம பக்கம் வருவோம். அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ். (எடுத்த படத்தில் கம்ப்யூட்டரால் காட்சி சேர்க்கும் வேலை) படித்த பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் பெரும்பாலும் ரோட்டோ வேலையில் நுழைகிறார்கள். ஓடுகிற நடிகரை ஒவ்வொரு பிரேமாக ஓரம் வெட்டி எடுத்துக் கொடுக்கும் வேலை. பெயரே பழசு. 1917-ல் மேக்ஸ் ஃப்ளைஷர் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் கருவியிலிருந்து வந்தது. நுழைவதற்கு நல்ல வாசல்தான், அங்கேயே குடியிருக்கக் கூடாது. ஏ.ஐ. முதலில் கை வைத்திருப்பது இந்த மாதிரி வேலைகளில்தான். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். 2013 பிப்ரவரியில், புதுச்சேரிப் பையனும் புலியும் படகில் போகும் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக வி.எஃப்.எக்ஸ். ஆஸ்கர் கிடைத்தது. புலியை உருவாக்கிய ரிதம் அண்டு ஹ்யூஸ் நிறுவனம் அதே மாதம்தான் திவால் மனு கொடுத்திருந்தது. இந்தத் தொழிலில் வேலை ப்ராஜெக்ட்டைப் பொறுத்தது. ஒரு படம் முடிந்தால் அடுத்தது வரும்வரை கை கட்டி உட்காரும் மாதங்களும் உண்டு. முதல் சம்பளத்திலிருந்தே கொஞ்சம் எடுத்துவைக்கும் பழக்கத்தை வீட்டில் சொல்லிக்கொடுங்கள். அது உங்கள் பாடம், கல்லூரி சொல்லித்தராது.

நானும் தப்பு செய்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், படம் வரைவதில் ஆர்வமுள்ள ஒரு பையனை "ஆறு மாதத்தில் எல்லா சாஃப்ட்வேரும்" என்று போர்டு வைத்திருந்த ஒரு பயிற்சி மையத்துக்கு நானே அனுப்பினேன். பட்டன் எல்லாம் தெரிந்துகொண்டு வந்தான். நேர்முகத் தேர்வில் பேப்பரைக் கொடுத்து, ஒருவர் தண்ணீர்க் குடம் தூக்குவதை நான்கு படத்தில் வரையச் சொல்லியிருக்கிறார்கள். குடம் காலியா நிரம்பியதா என்று அவன் படத்தில் தெரியவில்லை. அவனுடைய அப்பா வாங்கிய கடன் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதனால்தான், உங்களிடம் "வேலை உத்தரவாதம், டிப்ளமோ" என்று போன் செய்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள் என்று அன்று அவ்வளவு கடுமையாகச் சொன்னேன்.

லேப்டாப் பற்றிக் கேட்டீர்கள். முதல் வருடம் வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டு, அடியில் எல்.இ.டி. பல்பு, கட்டுத் தாள். அடித்தாளின் கோடு மேல்தாளில் தெரியவைக்கும் லைட் பாக்ஸ் தயார். இருக்கிற போனே கேமரா. இரண்டாம் வருடம் வாங்கும்போது பிளெண்டர், கிரிட்டா என்ற இரண்டு சாஃப்ட்வேரும் இலவசம் என்பதை நினைவில் வையுங்கள். 2025-ல் அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்ததுதான்.

அதுவரை அவள் கையில் என்ன இருக்கிறது? உங்கள் குடியாத்தத்தில் தீக்குச்சிக்குப் பஞ்சமா? தாதாசாகேப் பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் படமெடுத்து ஒரு குறும்படம் செய்தார். இன்று அதன் பிரதி இல்லை. அவளிடம் சொல்லுங்கள், இரண்டு பெட்டித் தீக்குச்சியும் போனும் போதும், பத்து நொடிப் படம் எடுக்கட்டும். ஒரு குச்சி நடக்க வேண்டும், இன்னொன்றைப் பார்த்து பயப்பட வேண்டும். குச்சிக்கு முகம் கிடையாது, அதனால் பயம் அசைவில்தான் வர வேண்டும்.

அப்புறம், கூத்து நடந்தால் விடிய விடியப் பார்க்க விடுங்கள். செய்யாறு பக்கம் புரிசை போகிற வழியெல்லாம் தெருக்கூத்து ஊர்கள்தான். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியவர் கிறுகிறுவென்று சுற்றி சட்டென்று நிற்பார். ஆள் நின்றபிறகும் பாவாடை நிற்காது, அரைச் சுற்று போய்த் திரும்பி அடங்கும். நான் சொன்ன பன்னிரண்டு விதியில் அதுவும் ஒன்று. வகுப்பில் ஆங்கிலப் பெயரில் படித்துவிட்டு வருவாள், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நேரில் பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. வேலூர்க் கோட்டைக்கு வரும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் வரையச் சொல்லுங்கள். கல்லில் ஒரே நொடியை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய நொடியும் பிந்தைய நொடியும் எப்படியிருக்கும் என்று அவள் வரைந்து பார்க்கட்டும்.

மூன்று வருடம் முடிந்தபின் மேற்படிப்பு வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருடப் பட்டம் முடித்தவர்கள் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியில் அனிமேஷன் சேரலாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (NID) தனித் தேர்வு. இரண்டிலும் யோசிப்பதையும் வரைவதையும்தான் பார்க்கிறார்கள். வேலைக்கு நேரே போனால் ஷோரீல் கேட்பார்கள், அதாவது தான் செய்ததைத் தொகுத்த சின்ன வீடியோ. ஒரு நிமிடம் போதும். சிறந்த துண்டு முதலில் வர வேண்டும், சுமாரானதை இரக்கப்பட்டுச் சேர்க்கக் கூடாது.

அவள் கல்லூரி சரியானதா என்று உங்களுக்கு இன்னும் சந்தேகமிருந்தால், பிளேஸ்மென்ட் போர்டைப் பார்க்காதீர்கள். போன வருடம் முடித்த பிள்ளைகளின் ஷோரீலைக் காட்டச் சொல்லுங்கள். ஆளை எதிரில் நிற்கவைத்து வரையும் வகுப்பு வாரத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். தயங்கினால் எனக்குப் போன் செய்யுங்கள்.

நோட்டுகளை அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம், இந்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எட்டாவது நோட்டில் ஓர் ஆடு நடக்கிறது. இடது பக்கத்து இரண்டு காலும் ஒன்றாகப் போகின்றன, ஒட்டகம் மாதிரி. ஆடு நிதானமாக நடக்கும்போது இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தெருவில்தான் ஆடு இருக்கிறதே, அவளே போய்ப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.