சத்தம் கூட்டுற பட்டன் சும்மா கிடக்குதுங்க! – லினக்ஸ் கேள்வி பதில்

பெருந்துறை: புது மல்டிமீடியா கீபோர்டு வாங்கினேனுங்க. டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். எழுத்தெல்லாம் வருது. சத்தம் கூட்டுற, குறைக்கிற பட்டன் மட்டும் வேலை செய்யறதில்லை. எங்கிருந்து பார்க்கிறது?

பெருந்துறைக்காரர் என்பதால் வாய்க்கால் கணக்கிலேயே சொல்கிறேன். பவானிசாகரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வரவில்லை என்றால் மதகு மதகாகத்தானே நடந்து பார்ப்போம்? இங்கே மதகு மூன்று. பட்டன் அனுப்புவதை லினக்ஸின் அடித்தளமான கெர்னல் புரிந்துகொள்ள வேண்டும். டெஸ்க்டாப்பில் யாராவது அதைப் பிடித்து வேலை செய்ய வேண்டும். அந்த வேலை சரியான ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த மதகு அடைத்திருக்கிறது என்று தெரியாமல் கண்ட கமாண்டையும் ஒட்டாதீர்கள்.

அழுத்தும் பட்டனின் எண்ணைக் காட்டும் எக்ஸ்இவியை டெர்மினலில் ஓட்டிப் பட்டனை அழுத்துங்கள். மியூட் 121, குறைக்க 122, கூட்ட 123 என்று வர வேண்டும். கெர்னலுக்குள் இவை 113, 114, 115. திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ் என்ற புரோகிராம் எட்டைக் கூட்டிக்கொள்ளும். எண் வராமல் ஃபோகஸ் போய் வந்ததாக மட்டும் காட்டினால், வேறு ஏதோ புரோகிராம் பட்டனைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். எண் வந்தும் சத்தம் மாறவில்லை என்றால் பிடிக்க ஆளில்லை. எக்ஸ்எஃப்சிஇயில் அந்த ஆள் பேனலில் இருக்கும் பல்ஸ்ஆடியோ (சவுண்டு சர்வர்) பிளகின். அதைப் பேனலில் வைத்து, அதன் பிராப்பர்ட்டீஸில் கீபோர்டு ஷார்ட்கட்டுக்கு டிக் போடுங்கள். பத்தில் ஏழு பேருக்கு இதோடு முடியும் என்பது என் அனுபவம்.

எதுவுமே வராவிட்டால், கெர்னலுக்கு வருவதை நேராகக் காட்டும் ஈவ்டெஸ்ட். இதற்கு மட்டும் சூடோ, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் உரிமையில் ஓட்டுவது, வேண்டும். இந்த மாதிரி கீபோர்டுகள் பல நேரம் இரண்டு டிவைஸாகத் தெரியும். சத்தப் பட்டன்கள் கன்ஸ்யூமர் கண்ட்ரோல் என்ற இரண்டாவதில் இருக்கும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு கீபோர்டைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

பீளமேடு, கல்லூரி மாணவி: வேலாண்டில் எக்ஸ்இவி சரியா காட்ட மாட்டேங்குதுங்களே?

காட்டாது அம்மிணி. வேலாண்டு எக்ஸுக்குப் பதிலாக வந்தது. அங்கே எக்ஸ்இவிக்குப் பதில் டபிள்யூஇவி.

பொள்ளாச்சி: லேப்டாப்பில் எஃப்2, எஃப்3 மேல் ஸ்பீக்கர் படம் இருக்கு. எஃப்என் சேர்த்து அழுத்தினால்தான் வேலை செய்யுது.

இது லினக்ஸ் கேள்வியே இல்லை. பல லேப்டாப்பில் எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்தினால் மாறும். இல்லையென்றால் பயாஸில் பாருங்கள்.

கரூர்: திரையில் கோடு ஏறி இறங்குதுங்க, சத்தம் அப்படியே இருக்கு. சூடோ போட்டு சத்தம் மாத்தற பேக்டிஎல் கமாண்டை அடிச்சேன், கனெக்‌ஷன் இல்லைன்னு திட்டுது.

சவுண்டு கமாண்டுக்கு சூடோ போடாதீர்கள். சவுண்டு சர்வர் ஓடுவது உங்கள் பெயரில், ரூட் பெயரில் இல்லை. உங்களுடையது மூன்றாவது மதகு: மானிட்டரின் எச்டிஎம்ஐ டிஃபால்ட்டாக உட்கார்ந்திருக்கும், நீங்கள் அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பீர்கள். செட்டிங்ஸில் அவுட்புட்டை மாற்றுங்கள். ஷார்ட்கட் எழுதினால் சிங்க் (சத்தம் போய்ச் சேரும் அவுட்புட்) எண்ணைப் போடாமல் டிஃபால்ட் சிங்க் என்றே போடுங்கள். எண் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று.

கோபி, மைக்செட் வைத்திருப்பவர்: பட்டன் 100-ல் நின்னுடுது. 150 வரைக்கும் போக வைக்கணுங்க.

வைக்கலாம், வைக்காதீர்கள் அண்ணா. பல்ஸ்ஆடியோவில் 150 என்றால் ஒன்றரை மடங்கு இல்லை. அளவை மூன்று முறை பெருக்கும்: 1.5 × 1.5 × 1.5, கிட்டத்தட்ட 3.4 மடங்கு, பத்தரை டெசிபல். இப்போது வரும் பாட்டெல்லாம் ஏற்கெனவே விளிம்பு வரை நிரப்பியவை. அதற்கு மேல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகி, கரகரப்பு வரும். முதலில் அடிபடுவது கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர். லேப்டாப் 100, மீதியை ஆம்ப்ளிஃபயரில் ஏற்றுங்கள்.

கோபி: இருவது வருசமா நோம்பிக்குக் கட்டறேனுங்க, எனக்கேவா? கேசட்லிருந்து ஏத்துன சாமிப் பாட்டு 100-ல் காதுலயே விழறதில்லை.

அது நியாயம். தணிவாகப் பதிந்ததில் மேலே இடம் இருக்கும், ஏற்றினால் வெட்டுப்படாது. ஆனால் அந்தக் கோப்பை மட்டும் ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டரில் ஒருமுறை நார்மலைஸ் செய்து, அதாவது உச்ச சத்தத்தை விளிம்பு வரை உயர்த்தி, வையுங்கள். பட்டனைத் திறந்துவிட்டால் அடுத்து வரும் குத்துப் பாட்டும் அதே 150-ல்தான் ஓடும்.

அவிநாசி: கோபி அண்ணன் சொல்றதுதான் சரி. கூட்டத்துக்கு நடுவுல கரகரப்பை யார் கேட்கறாங்க?

மறுநாள் ஸ்பீக்கர் காயில் (கம்பிச் சுருள்) மாற்றக் காசு கொடுப்பவர் கேட்பார்.

கோபி: ஆம்ப்ளிஃபயரை ஏத்துனா ம்ம்ம்னு இரையுதுங்க. அதான் லேப்டாப்ல ஏத்தறேன்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

தாராபுரம்: புது கீபோர்டு, உபுண்டு, சத்தம் கூட்டுற பட்டன் வேலை செய்யல.

முதல் பதில். உபுண்டு வேலாண்டில் இருந்தால் இரண்டாவதும்.

பல்லடம்: பட்டனோட பொருளை மாத்தற எக்ஸ்மோட்மேப் போதாதுங்களா?

எக்ஸில் மட்டும். கீபோர்டு லேஅவுட் மாற்றினால் அதுவும் போய்விடும்.

காங்கேயம்: சத்தம் கூட்டுற பட்டன் வேலை செய்யலைங்க. சூடோ போட்டும் பார்த்தேன்.

சூடோவை எடுங்கள். முதல் பதில்.

கோபி: சார்ஜரைப் பிடுங்குனதும் இரைச்சல் நின்னுடுச்சுங்க. ஆனா பேட்டரி முக்கால் மணி நேரந்தான் தாங்குது.

எர்த் வழியாகச் சுற்றி வரும் இரைச்சல் அது. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், சார்ஜர் இருந்தபடியே இருக்கட்டும். பட்டன் 100-லேயே நிற்கட்டும் அண்ணா.