லூயிஸ்-கிளார்க் இடங்களுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்களா? சீனியர் பாஸ் வாங்காதீங்க

போர்ட்லேண்ட்ல இருக்கற ஒரு வாசகர் கேட்டிருக்காரு. சென்னையிலேர்ந்து அப்பா அம்மா விசிட்டர் விசால வந்திருக்காங்களாம், ரெண்டு பேரும் 62 தாண்டினவங்க. அமெரிக்காவைக் குறுக்கால கடந்த பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் 1805ல கொலம்பியா ஆத்து வழியா வந்து பசிபிக்கைத் தொட்ட இடங்களைக் காட்டணும், 62 தாண்டினவங்களுக்கான தேசிய பூங்கா சீனியர் பாஸ் எடுக்கலாமா, நாலு நாள்ல மொண்டானா வரைக்கும் சுத்திக் காட்டறேன்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு, நம்பலாமான்னு.

சீனியர் பாஸ் கிடைக்காதுங்க. அது அமெரிக்க சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கும் மட்டும்தான். ஆன்லைன்ல சில சைட்காரங்க இதை ஒரு வார்த்தை கூட சொல்லாம "பிராசசிங் ஃபீ"னு தனியா காசு புடுங்கறாங்க, தயவுசெஞ்சு அங்க கார்டு நம்பர் போடாதீங்க. தகுதி இருக்கறவங்க பாஸ் வேணும்னா பார்க் கவுன்ட்டர்லயே நேரா வாங்கிக்கலாம்.

ஆனா உங்களுக்கு எந்த பாஸும் தேவையில்லை. அவங்க குளிர்காலத்துல தங்கின கோட்டை இருக்கற ஃபோர்ட் கிளாட்சாப்ல பெரியவங்களுக்கு ஆளுக்கு 10 டாலர், 16 வயசுக்குக் கீழ இலவசம். நாலு பேருக்கு 40 டாலரோட முடிஞ்சுது. இதுவே உங்ககிட்ட ஏற்கனவே தேசிய பூங்காக்களுக்கான 80 டாலர் வருஷ பாஸ் இருந்தா கதை வேற: ஆள் கணக்குல காசு வாங்கற இடத்துல பாஸ்காரரோட இன்னும் மூணு பெரியவங்க போலாம், அவங்க எந்த ஊர்க்காரங்கன்னாலும் சரி, அப்பா அம்மா ரெண்டு பேரும் அதுலயே அடங்கிடுவாங்க. ஒண்ணே ஒண்ணு, பாஸ் யார் பேர்ல இருக்கோ அவர் கூட இருக்கணும், ஐடி காட்டணும், வீட்டுல இருந்துக்கிட்டு பாஸை மட்டும் குடுத்து அனுப்ப முடியாது.

ஆத்துப் பாலம் தாண்டி வாஷிங்டன் மாநிலத்துப் பக்கம் கேப் டிஸப்பாயின்ட்மென்ட் போனீங்கன்னா அந்த பாஸ் செல்லாது. அது மாநில பார்க், பார்க்கிங்குக்கு அந்த மாநிலத்தோட டிஸ்கவர் பாஸ் வேணும், மியூசியத்துக்கு இன்னொரு டிக்கெட். ஒரே பயணம், ஒரே ஆத்து முகத்துவாரம், இதுக்கு மூணு ரசீது! இத்தனை வருஷமா யாருக்குமே இதை ஒண்ணாக்கணும்னு தோணலையே.

கோட்டை ஒரிஜினல் இல்லைங்கறதையும் முன்னாடியே சொல்லிடுங்க. 1955ல கட்டின நகல் 2005ல எரிஞ்சுபோச்சு, இப்ப இருக்கறது மறுபடி கட்டினது. அம்பதடி சதுரம்தான், அதுக்குள்ள முப்பது பேருக்கு மேல ஒரு குளிர்காலம் முழுக்க அடைஞ்சு கிடந்தாங்க, 106 நாள்ல மழை இல்லாத நாள் வெறும் 12. ரெயின் ஜாக்கெட் இல்லாம கிளம்பாதீங்க.

ஏஜென்ட் சொல்ற மொண்டானால இருக்கறது பாம்பீஸ் பில்லர். 1806 ஜூலை 25ல கிளார்க் பாறையில செதுக்கின கையெழுத்து இன்னும் இருக்கு, உண்மையிலேயே பாக்க வேண்டிய இடம்தான். ஆனா அது பில்லிங்ஸ் பக்கத்துல, போர்ட்லேண்ட்லேர்ந்து கிட்டத்தட்ட 900 மைல், போனதும் படி ஏறணும். நாலு நாள்ல வயசானவங்களை வச்சுக்கிட்டு போய்ட்டு வந்தா கார் சீட்டைத்தான் பாப்பாங்க. அட்வான்ஸ் குடுக்காதீங்க, ஃபோர்ட் கிளாட்சாப் பக்கத்துல இருக்கற அஸ்டோரியால ரெண்டு ராத்திரி ரூம் போட்டு நீங்களே ஓட்டிட்டுப் போங்க.