டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கோபிச்செட்டிபாளையத்தில் 24 வருடமாக அழகு நிலையம் நடத்துகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபேஸ் பேக் பற்றித்தான். ஆடி முடிந்து முகூர்த்தங்கள் வரிசையாக வருகிறதல்லவா, அதனால் இருக்கலாம். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

முல்தானி மட்டிப் பாக்கெட் 40 ரூபாய்க்கு வாங்கினேன். 'முல்தானி மட்டி, வேம்பு, கற்றாழை' என்று முன்னால் எழுதிய டியூப் ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கினேன். டியூபில் உள்ள பொருள் பட்டியலையும் எழுதி அனுப்புகிறேன். எதைப் பயன்படுத்துவது? (வாசகி, பவானி)

பட்டியலை எழுதி அனுப்பியது ரொம்ப நல்ல காரியம். டியூபின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் சரக்கு. எந்தப் பொருள் அதிகமோ அது முதலில் வரும், குறையக் குறையப் பின்னால் போகும். அதுதான் முறை. எழுத்து எறும்பு மாதிரி இருந்தால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

உங்கள் டியூபில் தண்ணீர், கயோலின், கிளிசரின், பெண்டோனைட், ஃபீனாக்ஸிஎத்தனால், வாசனை, அப்புறம் முல்தானி மட்டி, வேப்பிலைச் சாறு, கற்றாழைச் சாறு என்று வரிசை போகிறது. இதில் ஃபீனாக்ஸிஎத்தனால் என்பது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்குப் பின்னால் எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் அதற்கும் குறைவுதான். அதாவது, முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கிற மூன்று பொருளும் டியூபுக்குள் ஒரு சிட்டிகை கூடத் தேறாது. நீங்கள் 250 ரூபாய் கொடுத்தது கயோலினுக்கும் கிளிசரினுக்கும்.

அதற்காக டியூப் மோசம் என்று சொல்லமாட்டேன். கயோலின் மென்மையான வெள்ளைக் களிமண், எண்ணெயை அளவாகத்தான் உறிஞ்சும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வறண்ட முகத்துக்கு இந்த டியூப் முல்தானி மட்டியைவிட இதமாக இருக்கும். முல்தானி மட்டியும் பெண்டோனைட்டும் ஒரே குடும்பம், எண்ணெயை நன்றாக இழுக்கும். மூக்கும் நெற்றியும் மத்தியானத்துக்குள் பிசுபிசுக்கிற முகம் என்றால் 40 ரூபாய் பாக்கெட்டே போதும். வாரம் ஒரு தடவை போடலாம்.

ஆனால் அது காய்ந்து, வெடித்து, பேசினால் உதிர்கிற வரைக்கும் விடாதீர்கள். நிறையப் பேர் செய்கிற தப்பு இது. ஓரம் வெளுத்து நடுவில் ஈரம் இருக்கும்போதே, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், கழுவிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கிற மாதங்களில் நம் பக்கம் முகம் ஏற்கெனவே காய்ந்துதான் இருக்கும். அப்போது முல்தானி மட்டியைத் தண்ணீரில் குழைக்காமல் புளிக்காத கெட்டித் தயிரில் குழையுங்கள்.

இன்னொன்று. 'பாக்கெட்டில் கெமிக்கல் இல்லை, டியூபில் இருக்கிறது' என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் கலந்த எதுவும் பாதுகாப்புப் பொருள் இல்லாமல் நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும். பொடியில் தண்ணீர் இல்லை, அதனால் அதற்குத் தேவையில்லை. வீட்டில் குழைத்த பேக்கை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து வாரக்கணக்கில் பூசுவதுதான் உண்மையில் ஆபத்து.

மஞ்சள் விளையும் ஊரில் இருந்துகொண்டே கேட்கிறேன். கஸ்தூரி மஞ்சள் என்று வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் முகம் மஞ்சளாகவே இருந்தது. தலையணை உறையில் கறை. சமையல் மஞ்சளே பூசலாமா? (வாசகி, ஈரோடு)

உங்களுக்கு வந்தது கஸ்தூரி மஞ்சளே இல்லை, அல்லது பாதிக்கு மேல் வேறு மஞ்சள். சமையல் மஞ்சளும் கஸ்தூரி மஞ்சளும் வேறு வேறு செடி. சமையல் மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது குர்குமின். நம் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் குழம்புக்குச் சிறப்பாக இருக்கிற அதே நிறம் முகத்தில் ஏறினால் லேசில் போகாது. கஸ்தூரி மஞ்சளில் குர்குமின் குறைவு. கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிறிய நிறமாக இருக்கும், கற்பூரம் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். அந்த வாசம் இல்லாமல் பொடி பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் நான் வாங்கமாட்டேன்.

என் கடையில் நான் செய்கிற சோதனை ஒன்று சொல்கிறேன். வெற்றிலைக்கு வைக்கிற சுண்ணாம்பை மிளகளவு எடுத்து ஒரு தட்டில் வைத்து, பொடியை ஒரு சிட்டிகை போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைப்பேன். சமையல் மஞ்சள் என்றால் ஆரத்தித் தண்ணீர் போல ரத்தச் சிவப்பாகிவிடும். கஸ்தூரி மஞ்சளில் அந்தச் சிவப்பு மங்கலாகத்தான் வரும். மஞ்சள் கறை பட்ட துணிக்கு சோப்புப் போட்டதும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். அந்தத் தலையணை உறையையும் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், கறை வெளுத்துவிடும்.

சமையல் மஞ்சள் பூசலாமா என்றால், எங்க அமுச்சி (அம்மாவின் அம்மா) ஆயுசுக்கும் குண்டு மஞ்சளைக் கல்லில் உரைத்துத்தான் பூசினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது நம் கண்முன் உரைத்த கிழங்கு. பாக்கெட் பொடியில் மெட்டானில் எல்லோ என்ற சாயம் கலக்கிறவர்கள் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்காமல் வையுங்கள். நல்ல பொடி மெதுவாக அடியில் படியும், தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். சாயப் பொடி இறங்கும்போதே தண்ணீரை அடர்மஞ்சளாக்கிவிடும். கிழங்காக வாங்கி மில்லில் அரைத்து, அரை ஸ்பூன் பாசிப்பயறு மாவுக்கு ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம். மஞ்சளே ஒத்துக்கொள்ளாத தோலும் உண்டு. முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

பனியன் கம்பெனியில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஷீட் மாஸ்க்கை முகத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் அப்படியே தூங்கிவிடுகிறேன். எழுந்தால் முகம் இழுக்கிறது. ஏன்? (வாசகி, திருப்பூர்)

தூங்குவதால்தான். அந்தத் துணியில் இருப்பது முக்கால்வாசி தண்ணீர், கொஞ்சம் கிளிசரின், நயாசினமைடு என்ற பி3 வைட்டமின் மாதிரி ஒன்றிரண்டு. பதினைந்து இருபது நிமிடம் வரை அது உங்களுக்குக் கொடுக்கும். துணி காய ஆரம்பித்ததும் கொடுத்ததைத் திரும்ப வாங்க ஆரம்பிக்கும், அதிலும் ஃபேன் காற்று வேறு. முதலில் பஞ்சுத் தூசி போக முகம் கழுவுங்கள். 15 நிமிடம் அலாரம் வைத்து மாஸ்க்கை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கழுத்தில் தடவி, மேலே சாதாரண மாய்ஸ்சரைசர் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ஒரு மாஸ்க் விலையில் ஒரு மாதத்துக்கான கிளிசரின் பாட்டில் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எலுமிச்சைச் சாறும் ஆப்ப சோடாவும் கலந்து பூசினேன். எரிந்தது. 'எரிந்தால் வேலை செய்கிறது' என்று தோழி சொன்னாள். அடுத்த நாள் தோட்டத்துக்குப் போய் வந்தபின் கன்னத்தில் பழுப்பாகத் திட்டு. (வாசகி, பொள்ளாச்சி)

எரிந்தால் தோல் புண்படுகிறது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உடையது, பிஹெச் கணக்கில் 5 பக்கம். எலுமிச்சைச் சாறு 2 பக்கம், ஆப்ப சோடாக் கரைசல் 8-க்கு மேல். இரண்டையும் கலந்ததும் நுரை பொங்கி ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்ளும். மிஞ்சுவது உப்புத் தண்ணீரும், எது அதிகமாக விழுந்ததோ அதுவும். இரண்டு பொருளில் எதுவும் முகத்துக்கு வரவேண்டிய அவசியமே இல்லை.

திட்டு வந்தது வெயிலால். எலுமிச்சையில், குறிப்பாகத் தோலில், இருக்கிற சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். கொப்புளம்கூட வரும். இப்போது எதையும் தேய்க்காமல் விடுங்கள். முகத்துக்கு சன்ஸ்க்ரீன், தலைக்கு முந்தானை. மெதுவாக மங்கும், சில வாரம் பொறுக்க வேண்டும். மங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆண்கள் கேட்கக் கூடாதா? கரி கலந்த, உரித்து எடுக்கும் கருப்பு மாஸ்க் போட்டால் மூக்கில் உள்ள கரும்புள்ளி போகுமா? (வாசகர், தாராபுரம்)

தாராளமாகக் கேளுங்கள். அதில் வேலை செய்வது கரி அல்ல, பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசை. காய்ந்ததும் பிளாஸ்டிக் தாள் போல உரிந்து, பூனை முடியையும் மேல்தோலையும் சேர்த்துக்கொண்டு வரும். மூக்கில் தெரிகிற புள்ளிகளில் பாதி எண்ணெய் வரும் துவாரம்தான், சில வாரத்தில் மறுபடி நிரம்பிவிடும். அதற்கு இரண்டு சதவீத சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ் வாரம் மூன்று நாள் போதும். ஷேவிங் செய்த அன்று எந்த மாஸ்க்கும் வேண்டாம்.

பெயர், ஊர் வேண்டாம். மகளுக்குக் கல்யாணம் இன்னும் இரண்டு மாதத்தில். தோழி சொன்ன ஒரு நைட் கிரீமை நாலு மாதமாகப் போடுகிறாள், பேக்கிலும் கலந்து பூசுகிறாள். முதல் மாதமே நல்ல நிறம் வந்தது. இப்போது ஒரு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, சின்னச் சின்னப் பருவும் வந்துவிட்டது. எரிச்சல் அடங்க எந்த பேக் போடலாம்?

அம்மா, எந்த பேக்கும் வேண்டாம். சந்தனம், கற்றாழை, தயிர் எதுவும் வேண்டாம். அந்த டியூபை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன் (நிறத்தை வெளுக்கவைப்பது) என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? 'சோன்' என்று முடிகிற பேரோ குளோபெட்டசாலோ இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. சொரியாசிஸ், கரப்பான் மாதிரி நோய்க்கு டாக்டர் சில நாளைக்குக் கொடுக்கிற மருந்து. 2018-ல் இருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக் கூடாது. இருந்தும் கைக்குக் கை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. டியூபில் பொருள் பட்டியலே இல்லை, தயாரித்த லைசன்ஸ் நம்பர் இல்லை என்றால் இன்னும் மோசம். அதில் பாதரசமே இருக்கலாம்.

இந்தக் கேள்வியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அக்கா மகளும் இதையே செய்தாள். எட்டு மாதம், லேபிள் இல்லாத ஒரு சின்ன டப்பா. நோம்பிக்கு வந்தவள் அடுப்பு முன்னால் நின்றதும் கன்னம் செங்கல் நிறமாகிவிட்டது. கடைக்குக் கூட்டிப்போய் டியூப்லைட்டுக்குக் கீழே உட்காரவைத்துப் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு நூல் ஒட்டினாற்போல நரம்பு ஓடியிருந்தது. தாடையில் முன்பு இல்லாத பூனை முடி. விரலை வைத்தால் தோல் அப்பளத் தாள் மாதிரி மெல்லிசாக இருந்தது. "ஏனுங் சித்தி, பேக் ஏதாச்சும் போட்டா செரியாயிருமா?" என்று அவளும் உங்களைப் போலவேதான் கேட்டாள். முகத்தை வெளுக்கவைத்தது கிரீம், விட்டால் சிவக்கவைப்பதும் அதே கிரீம். தோல் அதற்குப் பழகிப்போயிருந்தது. களிமண்ணையோ பயத்தமாவையோ பூசி அதை மாற்ற முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரமே தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோவை அரசு மருத்துவமனை இரண்டிலும் தோல் பிரிவு இருக்கிறது. டியூபை வீசிவிடாமல் கையில் கொண்டுபோங்கள். எப்படி நிறுத்துவது, ஒரேயடியாகவா கொஞ்சம் கொஞ்சமாகவா என்பதை அவர் சொல்லட்டும். நிறுத்தியதும் சில வாரம் முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் எல்லோரும் பயந்து மறுபடி கிரீமைத் தொடுகிறார்கள். பக்கத்தில் இருந்து அதை மட்டும் தடுத்துவிடுங்கள். வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான் முகத்தில் படலாம்.

மேக்கப் போடப்போகிறவரிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃபேஷியல், பிளீச் எதுவும் வேண்டாம். சீர் அன்று மஞ்சள் பூசுவதைக் கைக்கும் காலுக்கும் வைத்துக்கொண்டால் போதும், பெரியவர்களிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். பெண்ணைத் திட்டாதீர்கள். நிறத்தைப் பற்றி யாரோ ஏதோ சொன்னதைக் கேட்டுத்தான் அவள் இதைத் தொட்டிருப்பாள். என் அக்கா மகளுக்கு முகம் தெளிய ஒன்றேகால் வருடம் ஆனது. போன தை நோம்பிக்கு அடுப்படியில் நின்று பொங்கல் வைத்தாள், கன்னம் சிவக்கவில்லை.