நடுவில் கவ்வும் ஹேண்டில்

கேள்வி: என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 1989ஆம் வருடத்து புல்லட் 350. கடைவீதியில் மெதுவாகப் போகும்போது குடித்தவன் நடையாக இருபுறமும் அலைகிறது. வேகம் எடுத்தால் பரவாயில்லை. டயர் புதிது. மெக்கானிக் ஹேண்டில் நட்டை இறுக்கிக் கொடுத்தார், முன்னைவிட மோசமாகிவிட்டது. ஏன், அண்ணாச்சி?
– சங்கரன்கோவில் வாசகர்

பதில்: இறுக்கியதால்தான் மோசமானது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். ஹேண்டிலை இரண்டே விரலால் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் உட்காருகிறதா? உட்காரும் என்று பந்தயமே கட்டுவேன்.

ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் மேலே ஒரு கப், கீழே ஒரு கப். ஒவ்வொன்றுக்கும் அதில் பொருந்தும் வளையமாக ஒரு கோன். இடையில் கால் அங்குல எஃகுக் குண்டுகள். பட்டறையில் இதைக் கோன் செட் என்போம். சக்கரத்துப் பேரிங் முழு வட்டம் சுற்றுவதால் தேய்மானம் எல்லாப் பக்கமும் பரவிவிடும். கோன் செட்டுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நாளெல்லாம் நேராகவே போகிற வண்டியில் குண்டுகள் ஒரே இடத்தில் நிற்கின்றன. ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் அந்த இடத்திலேயே சம்மட்டியால் அடிக்கிறது. இடையில் இருந்த கிரீஸ் பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடும். இப்படிச் சில வருடங்கள் போனபின் கப்பைக் கழற்றிப் பாருங்கள்: பல்லாங்குழிப் பலகைபோல் வரிசையாகக் குழிகள் இருக்கும்.

மெதுவாகப் போகும் வண்டி விழாமல் நிற்பதே, ஹேண்டில் ஓயாமல் இப்படியும் அப்படியும் நூலளவு திரும்புவதால்தான். நமக்குத் தெரியாமலே கை அதைச் செய்துகொண்டிருக்கிறது. குழி கவ்விக்கொண்டால் நூலளவு திரும்பாது. கொஞ்சம் அழுத்தினால் ஒரேயடியாகத் தாண்டிவிடும். அந்தத் தாண்டலைத்தான் நீங்கள் அலைச்சல் என்கிறீர்கள். நட்டை இறுக்கினால் குண்டுகள் குழிக்குள் இன்னும் ஆழமாகப் புதையும், அவ்வளவுதான். புதுக் கிரீஸும் குழியைத் தூர்க்காது. கப், கோன், குண்டு மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அந்த மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். பட்டறையில் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் ஒருவருக்கு இறுக்கிக் கொடுத்தேன். மறுநாள் முழங்காலில் கட்டுடன் வந்து நின்றார். என் மேஸ்திரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னிடம் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

கேள்வி: உப்பளத்தில் வேலை. வண்டியை வாரம் தவறாமல் வாட்டர் சர்வீஸ் விடுகிறேன். அப்படியும் இரண்டே வருடத்தில் கோன் செட் போய்விட்டது. புதுசு வாங்கி வைத்திருக்கிறேன், நானே மாட்டலாமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: 'அப்படியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'அதனால்தான்' என்று திருத்திக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் தண்ணீரைக் கழுத்துக்கு நேராகப் பீய்ச்சினால் கிரீஸ் வெளியே, தண்ணீர் உள்ளே. அதிலும் கீழ்க் கப்தான் முதலில் துருப்பிடிக்கும். முன்சக்கரம் வாரி அடிக்கும் உப்புச்சேறு நேரே அங்கேதான் போகிறது. இனி கழுத்து, பின் ஃபோர்க் அச்சு, சக்கர நடு மூன்றையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பொறுமை இருந்தால் மாட்டலாம். கழற்றும் முன் கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடுங்கள். ஃபோர்க்கை இறக்கிய கணத்தில் குண்டுகள் கொட்டும். சிமெண்ட் தரையில் உருண்டால் பீரோவுக்கு அடியில்தான் தேட வேண்டும். பழைய கப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பி கொடுத்து, ஓர் அடி இங்கே, ஓர் அடி அங்கே என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு குழாயைக் கீறும். புதுக் கப்பை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் சற்றே சுருங்கி, இறங்குவது எளிது. அதன்மேல் பழைய கப்பைக் கவிழ்த்து வைத்து அடியுங்கள். சுத்தியல் புதுசின் மேல் படவே கூடாது.

அடுத்தது குண்டு அடுக்குவது. கப் நிறையக் கிரீஸ் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதியுங்கள். வட்டம் முடியும்போது ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடம் மிஞ்ச வேண்டும். இடம் இருக்கிறதே என்று இன்னொன்றைத் திணித்தால் ஒன்றையொன்று நெருக்கிச் சுற்றாமல் நிற்கும். வண்டியிலிருந்து விழுந்ததை எண்ணி அதே கணக்கில் போடுவேன் என்றும் நினைக்காதீர்கள். முன்பு கழற்றியவர் இரண்டைத் தொலைத்திருக்கலாம்.

மாட்டியபின் நட்டைக் கொஞ்சம் அழுத்தமாக இறுக்கி, ஹேண்டிலை இரு கோடிக்கும் நாலைந்து முறை திருப்பிவிட்டு, தளர்த்துங்கள். ஃபோர்க்கின் கீழ்க்கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. அதே சமயம், நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் ஹேண்டில் தானே ஓரத்துக்குச் சாய வேண்டும். மேல்நட்டைப் பூட்டியபின் இரண்டையும் மறுபடி பாருங்கள். பூட்டும்போது கணக்கு மாறிவிடும். புதுக் கப் உட்கார்ந்து கொடுக்கும் என்பதால் 500 கிலோமீட்டரில் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: குண்டுக்குப் பதில் டேப்பர் ரோலர் பேரிங் போடலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: உங்கள் மாடலுக்கென்றே அளவு எடுத்துச் செய்தது கிடைத்தால் போடலாம். குண்டு புள்ளியில் தொடுகிறது; ஒரு முனை சற்றுச் சிறுத்த உருளையான டேப்பர் ரோலர் கோட்டில் தொடுகிறது. அடி பரவுவதால் குழி விழத் தாமதமாகும். உயரம் மாறினால் மேல்நட்டுக்கு மரை போதாது. வாங்கும் முன் பழையதோடு வைத்து அளந்துவிடுங்கள்.

கேள்வி: வளைவில் என் பழைய வண்டியின் பின்பாதி தனியாகப் போவதுபோல் இருக்கிறது. இதுவும் கோன் செட்தானா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இல்லை, பின்னால் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்விங் ஆர்மின், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் பின் ஃபோர்க்கின், நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அது ஆடினால், அதன் அச்சைச் சுற்றியிருக்கும் குழலான புஷ் போய்விட்டது. அது அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங்.

வெண்கல புஷ் என்றால் கிரீஸ் வேண்டும். ரப்பர் பதித்த புஷ்ஷுக்குக் கிரீஸ் வைக்காதீர்கள், ரப்பர் ஊறிக் கெடும். அது உருளுவதில்லை, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அதனாலேயே ஷாக் அப்சார்பரை மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, ஒருவரை மேலே உட்காரவைத்த பிறகுதான் அச்சு நட்டை இறுக்க வேண்டும். ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

அச்சு போல்ட் துருவேறி வராமல் அடம்பிடித்தால், துரு விடுவிக்கும் எண்ணெயை விட்டு இரண்டு ராத்திரி ஊறவையுங்கள். முதல் நாளே சுத்தியலை எடுத்தால் முனை காளானாக விரிந்து, அப்புறம் ரம்பம்தான்.