விசாவில் வந்தவருக்கும் வாக்கு உண்டா? இல்ஃபோர்ட் நோர்த் தொகுதியிலிருந்து ஒரு பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகவும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை விசாவில் வந்து, கிழக்கு லண்டனில், இல்ஃபோர்ட் நோர்த் தொகுதிக்குள் இருக்கிற பார்க்கிங்சைடில் ஒரு அறை எடுத்து, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறீர்கள். கவுன்சிலில் இருந்து வாக்காளர் பதிவுக் கடிதம் வந்திருக்கிறது. "சிற்றிசன்ஷிப் இல்லாத ஆளுக்கு இது என்னத்துக்கு, கிழித்துப் போடுங்கோ" என்கிறார் வீட்டுக்காரர். பதிந்தால் விசாவுக்கு ஏதும் வில்லங்கம் வருமோ என்று உங்களுக்குப் பயம். கூடவே, எங்கட ஆட்கள் ஏன் இந்தத் தொகுதியைப் பற்றி "ஐந்நூற்றிச் சொச்சம், ஐந்நூற்றிச் சொச்சம்" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கதைக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள்.

கிழிக்க வேண்டாம். பதியுங்கள்.

இலங்கை கொமன்வெல்த் நாடு. முறையான விசாவோடு இங்கே வசிக்கிற, 18 வயது நிரம்பிய கொமன்வெல்த் பிரசைக்கு கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்கு உண்டு. இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இல்லை. இந்தியாவிலிருந்து படிக்க வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். உங்கள் வார்ட்டில் ஒரு ஜேர்மன்காரர் இருபது வருடமாக வரி கட்டிக்கொண்டிருக்கலாம். பிரித்தானியப் பிரசையாகாத வரை அவரால் எம்.பி. தேர்தலில் வாக்குப் போட முடியாது. நேற்று வந்த உங்களுக்கு முடியும். இது இவர்கள் எங்களுக்குப் பார்த்துச் செய்த சலுகை இல்லை, சாம்ராச்சியக் காலத்து மிச்சம். அப்போது ஆளப்பட்ட நாட்டுக்காரர் எல்லாருமே முடிக்குரிய பிரசைகள். அந்த உரிமையில்தான் பம்பாயிலிருந்து வந்த தாதாபாய் நௌரோஜி 1892 இல் லண்டனின் ஃபின்ஸ்பரி சென்ட்ரலில் நின்று, வெறும் 5 வாக்கு வித்தியாசத்தில் வென்று பாராளுமன்றம் போனார். நாடுகள் சுதந்திரம் அடைந்த பிறகும் வாக்குரிமையைப் பறிக்காமல் விட்டார்கள்.

விசாவைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிப் பதிவது சட்டப்படியான காரியம். பொய்த் தகவல் கொடுத்தால்தான் குற்றம். ஒருவிதத்தில் பார்த்தால் சும்மா இருப்பதுதான் ஆபத்து. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கவுன்சில் கேட்டு அனுப்பும் படிவத்துக்குப் பதில் போடாமல் விட்டால் 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒருக்கால் காதில் போட்டுவிடுங்கள். இன்னொன்று, கடன் தரம் பார்க்கும் நிறுவனங்கள் வாக்காளர் இடாப்பைப் பார்த்துத்தான் உங்கள் விலாசத்தை உறுதிப்படுத்துகின்றன. புதிதாக வந்தவர்களுக்கு போன் கொன்ட்ராக்ட் கிடைக்காமல் இழுபடுவதற்கு இடாப்பில் பெயர் இல்லாததும் ஒரு காரணம். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாமல் இருப்பவர்கள் மட்டும் பொறுக்க வேண்டும். அவர்கள் விசா கையில் வந்த பிறகுதான் பதியலாம்.

இனி அந்த ஐந்நூற்றிச் சொச்சத்துக்கு வருகிறேன்.

2024 ஜூலையில் இங்கே லேபர் கட்சியின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் எடுத்தது 15,647 வாக்குகள். சுயேச்சையாக நின்ற லீயேன் முகமட் என்ற 23 வயதுப் பெண் எடுத்தது 15,119. வித்தியாசம் 528. நாடு முழுக்க லேபர் அள்ளிக்கொண்டு போன தேர்தல் அது. அடுத்த நாளே சுகாதார அமைச்சராகப் போகிற மனுசன், பலஸ்தீனப் பின்னணி கொண்ட, கட்சிப் பலம் இல்லாத ஒரு பிள்ளையிடம் மயிரிழையில் தப்பினார். காஸா விவகாரத்தில் லேபர் எடுத்த நிலைப்பாட்டின் மேல் இருந்த கோபம்தான் அதற்குப் பெரிய காரணம்.

ஆனால் இந்தத் தொகுதிக்கு இது புதிதில்லை. இதே ஸ்ட்ரீட்டிங் 2015 இல் முதல்முறை வென்றது 589 வாக்கில். அன்று நிலைமை நேர்மாறு: நாட்டில் லேபர் தோற்றது, இங்கே கொன்சர்வேட்டிவிடமிருந்து பறித்தெடுத்தது. 2017 இல் அவருடைய பெரும்பான்மை 9,639, 2019 இல் 5,218. ஏறி இறங்கி, கடைசியில் பழைய ஐந்நூறுக்கே வந்து நிற்கிறது. இதைப் பார்த்த பிறகும் "இது லேபர் கோட்டை, நாங்கள் போட்டென்ன விட்டென்ன" என்று சொல்பவர்களை எனக்கு விளங்குவதேயில்லை.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1918 இலிருந்து இல்ஃபோர்ட் முழுவதும் ஒரே தொகுதி. அப்போது இது லண்டனும் இல்லை, எசெக்ஸ். இரண்டு யுத்தங்களுக்கும் நடுவில் இங்கிருந்த வயல்வெளியெல்லாம் சோடி வீடுகளாக மாறி, வாக்காளர் தொகை லட்சத்தைத் தாண்டிப் போனது. அதனால்தான் 1945 இல் வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். அந்த வருடம் அடித்த லேபர் அலையில் தொகுதியின் முதல் உறுப்பினராக ஒரு பெண் தெரிவானார். 1950 இல் கொன்சர்வேட்டிவ் பிடித்துக்கொண்டது. 1954 இடைத்தேர்தலில் வந்த டொம் ஐரமொங்கர் அடுத்த இருபது வருடம் அசையவில்லை. பக்கத்து வுட்ஃபோர்டில் சேர்ச்சில் இருந்த காலம், இந்தப் பக்கமே கொன்சர்வேட்டிவின் நீலம்தான். ஹெய்னோல்ட் கவுன்சில் குடியிருப்பு மட்டும் லேபருக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

1974 ஒக்டோபரில் மில்லி மில்லர் என்ற லேபர் பெண், முன்பு கேம்டன் கவுன்சில் தலைவியாக இருந்தவர், ஐரமொங்கரை 778 வாக்கில் வீழ்த்தினார். மூன்றே வருடத்தில், 1977 இல், அவர் இறந்துபோக, 1978 மார்ச் 2 ஆம் திகதி இடைத்தேர்தல். இந்தத் தொகுதியில் நடந்ததில் நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது அதுதான்.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கொன்சர்வேட்டிவின் மார்கரெட் தட்சர் தொலைக்காட்சியில் தோன்றி, வேறு பண்பாட்டுக்காரர் வந்து தங்களை மூழ்கடித்துவிடுவார்களோ என்று இந்த நாட்டு மக்கள் பயப்படுகிறார்கள் என்ற கருத்தில் பேசினார். வெளிநாட்டவர் வருகையே தேர்தல் பேச்சாகிவிட்டது. வெளிநாட்டவர் வருகையை எதிர்த்த தீவிர வலதுசாரிக் கட்சியான நஷனல் ஃப்ரண்டின் இளைஞர் பிரிவு இல்ஃபோர்டில் ஊர்வலம் போகத் தயாரானது. கலவரம் வரும் என்று பயந்து, பொலிஸ் ஆணையாளர் லண்டன் முழுவதும் இரண்டு மாதத்துக்கு ஊர்வலங்களைத் தடை செய்தார். யோசித்துப் பாருங்கள், இந்த ஒரு தொகுதிக்காக முழு லண்டனுக்கும் தடை! கொன்சர்வேட்டிவின் விவியன் பெண்டல் வென்றார். தோற்ற லேபர் வேட்பாளர் டெஸா ஜவல். பிற்காலத்தில் அமைச்சராகி, பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு 2012 ஒலிம்பிக்கைக் கொண்டுவரப் பாடுபட்ட அதே ஜவல். கட்சியோடு முறுகிக்கொண்டு தனியாக நின்ற ஐரமொங்கரை யாரும் கணக்கெடுக்கவில்லை.

பெண்டல் 1997 வரை இருந்தார். அந்த வருடம் டோனி பிளேயர் தலைமையில் லேபர் நாட்டை அள்ளிய அலையில் வந்தவர் லேபரின் லிண்டா பெரம், 2005 இல் 1,653 வாக்கு வித்தியாசத்தில் கொன்சர்வேட்டிவின் லீ ஸ்கொட். இந்த ஸ்கொட்டை எங்கட பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழர்களுக்கான அனைத்துக் கட்சிப் பாராளுமன்றக் குழுவின் தலைவராக இருந்தவர். கொன்சர்வேட்டிவ் என்றாலே முகம் சுளிக்கும் எங்கட ஆட்கள் சிலர் அவருக்கென்று போட்டார்கள். நான் அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். கட்சியைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா என்ற கேள்வி உங்களுக்கும் வரும்.

குடியிருப்பவர்கள் மாற மாற முடிவும் மாறிய தொகுதி இது. கேன்ட்ஸ் ஹில், கிளேஹோல் பக்கம் ஒரு காலத்தில் யூதர்கள் அடர்த்தியாக இருந்தார்கள்; மில்லரும் ஸ்கொட்டும் யூதர்கள்தான். பிறகு பஞ்சாபிகள், பாகிஸ்தானியர், வங்காளிகள், நாங்கள். (கேன்ட்ஸ் ஹில் ஸ்டேஷனின் நடு மண்டபத்தை ஒருநாள் நின்று பாருங்கள். மொஸ்கோ மெட்ரோவைப் பார்த்துக் கட்டியது.) பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் 2024 இல் வென்ற உமா குமரன் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள். அவரும் 2015 இல் ஹரோ ஈஸ்டில் நின்று தோற்ற பிறகுதான் இங்கே வந்தார்.

ஊரில் போலக் கட்சிக்கு ஒன்று, விருப்பு வாக்கு மூன்று என்று இங்கே கிடையாது. ஒரு பட்டியல், ஒரு புள்ளடி, முன்னுக்கு நிற்பவர் எம்.பி. ஐம்பது வீதம் வேண்டும் என்றும் இல்லை. அதனால் வாக்குப் பிரிந்தால் ஆட்டம் மாறும். பக்கத்துச் சிங்ஃபோர்டில் 2024 இல் லேபரும், லேபர் ஒதுக்கிவிட்ட பெண் வேட்பாளரும் வாக்கைப் பங்குபோட, இருவர் வாக்கையும் சேர்த்தால் தன்னை விடக் கூட என்ற நிலையிலும் கொன்சர்வேட்டிவ்காரர் வென்றார்.

வாக்களிக்கும் நாளில் கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள். 2023 இலிருந்து இங்கிலாந்தில் படத்தோடு அடையாள அட்டை கட்டாயம். இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும். போனில் இருக்கும் இ-விசாவை நம்பிப் போக வேண்டாம். வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் கட்சிச் சின்னம் குத்திக்கொண்டு ஒருவர் கதிரை போட்டிருந்து உங்கள் இலக்கத்தைக் கேட்பார். அவர் கட்சி ஆள், தேர்தல் அதிகாரி இல்லை, சொல்லாமல் போகலாம். உள்ளே பள்ளிக்கூட மண்டபத்தில் அடிமட்டம் வைத்து இடாப்பில் உங்கள் பெயரை வெட்டிவிட்டுத் தாளைத் தருவார்கள். நூலில் கட்டிய பென்சில்தான் இருக்கும், பேனை வேண்டுமென்றால் உங்களுடையதைப் பாவிக்கலாம். விரலில் மை பூசுவதில்லை.

காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை வாக்களிக்கலாம். இரட்டை ஷிஃப்ட் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் இப்போதே தபால் வாக்குக்கு விண்ணப்பியுங்கள், காரணம் கேட்கமாட்டார்கள். விண்ணப்பத்தில் வைத்த கையெழுத்தையே வாக்கோடு அனுப்பும் தாளிலும் வைக்க வேண்டும். மாறினால் வாக்கு எண்ணப்படாது. அறை மாறினால் புது விலாசத்தில் திரும்பப் பதிய வேண்டும். வாக்களிப்புக்கு 12 வேலைநாள் முன்பு பதிவு பூட்டப்படும்.