அம்மாவின் மறதிக்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டா?

மயிலாப்பூரில் இருக்கும் 72 வயது அம்மாவுக்கு மறதி கூடுகிறது, சாப்பாட்டை மாற்றினால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு உண்டு.

நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்குகின்றன. அவை குடல் சுவரைக் காத்து, அழற்சியை, அதாவது உடலுக்குள் ஏற்படும் வீக்க எரிச்சலை, தணிக்கின்றன. நாள்பட்ட அழற்சி மூளையையும் விடாது. 2020-இல் வெளியான நியூ-ஏஜ் ஆய்வு, ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 65 முதல் 79 வயதுள்ள 612 பேரின் குடல் பாக்டீரியாக்களைப் பார்த்தது. ஓராண்டு காய்கறி, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களிடம் நல்ல பாக்டீரியாக்கள் கூடின. அழற்சி குறைவதோடும் சிந்தனைத்திறன் மேம்படுவதோடும் அது ஒத்துப்போனது. ஆனால் மறதிநோய்க்கு இது சிகிச்சை அல்ல.

ஆலிவ் எண்ணெய்க்கு அலைய வேண்டாம். தண்ணித்துறை மார்க்கெட்டில் கிடைக்கும் முருங்கைக்கீரையும் அவரைக்காயும் வாழைத்தண்டும் போதும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, சாயங்காலம் சுண்டல் கொடுங்கள். நார்ச்சத்தை மெதுவாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும்.

அதற்கும் முன்னால், தயவுசெய்து டாக்டரிடம் காட்டி வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். அதனால் வரும் மறதி, சீக்கிரம் கண்டுபிடித்தால் சரியாக வாய்ப்பு உண்டு.