மஞ்சள் நோட்டீஸும் வீட்டுக் கடனும்: வாசகர் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தேன். கைமாற்றுக் கடன் தாங்காமல் ஐ.பி. (திவால் மனு) தாக்கல் செய்துவிட்டேன். வீட்டுக் கடன் கொடுத்த வங்கியும் இனி சும்மா இருக்கும்தானே?

இருக்காது. மஞ்சள் நோட்டீஸ், அதாவது ஐ.பி. நோட்டீஸ், போனால் எல்லாக் கடனும் நின்றுவிடும் என்று பட்டறைப் பக்கம் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சேலத்துக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டம். 2016-இல் வந்த புதுச் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டப்படி, கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்தபின் கைமாற்றுக்காரர்கள் அனுமதியில்லாமல் வழக்குப் போட முடியாது. ஆனால் இதைச் சொல்லும் அதே 28-ஆம் பிரிவு, அடமானம் வாங்கியவரின் உரிமையைத் தொடவே இல்லை.

தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அப்புறம் சர்ஃபேசி சட்டத்தில் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழி தரும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ் வரும். கவரைப் பிரிக்காமல் பீரோவுக்கு மேல் போடாதீர்கள். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மேனேஜரைப் பார்க்கும்போது ஐ.பி. மனுவின் நகலையும் கொடுத்துவிடுங்கள். மறைத்தால் பேச்சே முறிந்துவிடும். இன்னொன்று, ஒன்றிரண்டு தவணை கட்டிப் பயனில்லை. நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு வாராக்கடனிலிருந்து வெளியே வரும். வங்கி சுவாதீனம் எடுத்துவிட்டால் 45 நாளுக்குள் கோயம்புத்தூர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்பதென்றால், ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்ட வேண்டும். ஏலத்தில் கடன் போக மிஞ்சும் தொகை உங்கள் கைக்கு வராது, திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமித்த ரிசீவருக்குப் போகும்.

ஐ.பி. போடும் முன் வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாமா? (அம்மாப்பேட்டை)

வேண்டாம். எழுதி 2 வருடத்துக்குள் ஐ.பி. போட்டுத் திவால் அறிவிப்பும் வந்தால், கோர்ட் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். வங்கியின் அடமானத்தையோ அது அசைக்கவே அசைக்காது.

மச்சான் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் ஐ.பி. கொடுத்துவிட்டார். நான் தப்பித்தேனா? (கொண்டலாம்பட்டி)

இல்லை. அவருக்குக் கோர்ட் விடுதலை கொடுத்தாலும் அது ஜாமீன்தாரருக்குச் சேராது. முழுக் கடனையும் நீங்கள் அடைத்தால் வங்கிக்கிருந்த அடமான உரிமை உங்களுக்கு வரும். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

ஏற்காட்டில் 2 ஏக்கரை அடமானம் வைத்தேன். விவசாய நிலத்துக்கு சர்ஃபேசி கிடையாதாமே?

கிடையாதுதான். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம் என்றிருந்தால் மட்டும் போதாது. நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பது உட்பட எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. நாலு அறை கட்டி டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு விவசாயம் என்று வாதாடுவது கஷ்டம். விலக்கு கிடைத்தாலும் கடன் போய்விடாது. பாக்கி 20 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வங்கி தீர்ப்பாயத்துக்குப் போகும், குறைவென்றால் சிவில் கோர்ட்டுக்கு.